ஹார்பினில் நடக்காத போட்டி: பிள்ளைகளுக்கு ஒரு சீசன் என்றால் என்ன?

கேட்ட கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச் 1 முதல் 7 வரை சீனாவின் ஹார்பின் நகரத்தில் ஜூனியர்களுக்கான உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப் நடந்திருக்க வேண்டும். கொரோனாவால் 2020 நவம்பரிலேயே ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் அதே மார்ச்சில் சீனியர்களின் உலகப் போட்டி ஸ்டாக்ஹோமில் நடந்தது. "பெரியவர்களுக்கு நடத்த முடிந்தது, பிள்ளைகளுக்கு முடியாதா? சரி, முடியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் போனால் அப்படி என்ன குடி முழுகிவிடும், அடுத்த வருடம் ஆடிக்கொள்ள வேண்டியதுதானே?"

இரண்டு கேள்விகள். இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், விஷயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

இந்த விளையாட்டில் வயதுக் கணக்கு ஜூலை 1-ஆம் தேதியை வைத்துத்தான். ஒரு சீசன் தொடங்கும் அந்தத் தேதிக்கு முன்னால் 13 வயது முடிந்திருக்க வேண்டும், 19 முடிந்திருக்கக் கூடாது. அப்படி இருந்தால் ஜூனியர். ஜோடி ஆட்டத்திலும் ஐஸ் டான்ஸிலும் ஆண்களுக்கு மட்டும் அப்போது 21 வரை சலுகை இருந்தது. சீனியராக ஆட அப்போது 15 முடிந்திருந்தால் போதும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது நாலு நாள் வித்தியாசத்தில் ஒரு வருடம் தள்ளிப்போன பெற்றோர்களுக்கு இந்தத் தலைவலி உடனே புரியும்.

இதை 2020–21 சீசனுக்குப் போட்டுப் பாருங்கள். 2001 ஜூலை 1 முதல் 2002 ஜூன் 30 வரை பிறந்த ஒற்றையர் வீரர்கள் எல்லோருக்கும் அதுதான் கடைசி ஜூனியர் வருடம். அவர்களிடம் போய் "அடுத்த வருடம் ஆடு" என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது. சீனியரில் ஆடலாமே என்பீர்கள். ஆடலாம்தான். ஆனால் சீனியர் அணியில் ஒரு நாட்டுக்கு ஒன்றிரண்டு இடம், அதிகபட்சம் மூன்று. அந்த இடங்களில் இருபத்தைந்து வயதுக்காரர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். ஜூனியர் உலகப் போட்டியில் ஒரு நல்ல முடிவோடு மேலே போகிறவனைச் சங்கம் திரும்பிப் பார்க்கும். ஒன்றும் இல்லாமல் போகிறவன் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு முனையில், 2006 ஜூலை முதல் 2007 ஜூன் வரை பிறந்தவர்களுக்கு அது முதல் சர்வதேச வருடமாக இருந்திருக்கும். இவர்களுக்கு இழப்பு கொஞ்சம் லேசு. இதில் ஒரு பெண்ணைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் கதைதான் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுவது. அதற்கு அமெரிக்காவின் அலிசா லியூதான் சரியான உதாரணம். 13 வயதிலேயே அமெரிக்க சீனியர் சாம்பியன் ஆனவர், 2019-இல். 2020-இல் மறுபடியும் அவரேதான். உள்நாட்டில் வயதுக் கட்டுப்பாடு வேறு என்பதால் அது முடிந்தது. சர்வதேச அரங்குக்கு வந்தால் அவர் ஜூனியர்தான். 2019 ஆகஸ்டில் லேக் பிளாசிடில், ஜூனியர் கிராண்ட் பிரீ என்ற சர்வதேசத் தொடரின் போட்டியில் குவாட் லட்ஸ் போட்டார். அமெரிக்கப் பெண் ஒருவர் போட்டியில் நான்கு சுற்றுத் தாவல் செய்தது அதுவே முதல் முறை. அதே ஆட்டத்தில் ட்ரிபிள் ஆக்சல் என்ற மூன்றரைச் சுற்றுத் தாவலும் இருந்தது. இரண்டையும் ஒரே ஆட்டத்தில் செய்த பெண் உலகத்திலேயே அதுவரை யாரும் இல்லை.

அவர் பிறந்தது 2005 ஆகஸ்ட் 8. அதாவது 2020 ஜூலை 1 அன்று 15 நிறைய ஐந்து வாரமும் சில நாட்களும் பாக்கி. அதனால் 2020–21-இல் சீனியர் சர்வதேசப் போட்டி எதிலும் அவர் கால் வைக்க முடியாது. ஜூனியரின் பெரிய சர்வதேசப் போட்டிகளோ ஒன்றுவிடாமல் ரத்து. தன் நாட்டில் இரண்டு முறை சாம்பியன், உலக ஜூனியரில் வெண்கலம் வாங்கியவர், ஒரு முழு சீசனில் ஒரு சர்வதேசப் போட்டி கூட ஆடவில்லை. சீனியர்களுக்காக வைத்திருந்த கதவு வயதால் மூடியிருந்தது. ஜூனியர் கதவைப் பெருந்தொற்று மூடிவிட்டது. 2021 ஜனவரியில் லாஸ் வேகாஸில் அமெரிக்க சாம்பியன்ஷிப் நடந்தபோது வந்தார். உயரம் கூடியிருந்தது, ட்ரிபிள் ஆக்சலும் குவாடும் இல்லை. நான்காம் இடம்.

இந்த உயரம் கூடுகிற விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு தாவலில் ஸ்கேட்டர் காற்றில் இருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. அதற்குள் மூன்று அல்லது நான்கு சுற்று முடிய வேண்டும். கைகளை மார்போடு ஒட்டி, கால்களைப் பின்னி, உடம்பை ஒரு பென்சில் மாதிரி ஆக்கிக்கொண்டால்தான் அந்த வேகம் வரும். தோளோ இடுப்போ ஒரு விரற்கடை அகன்றாலும் சுழற்சி மந்தமாகும். பெண் பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் வருவது பெரும்பாலும் பதின்ம வயதின் தொடக்கத்தில். ஆண் பிள்ளைகளுக்குச் சற்றுத் தாமதமாக வரும், வந்தால் பலமும் சேர்ந்து வரும், அதனால் அவர்களுக்குப் பெரும்பாலும் லாபம். ஒரு பெண்ணுக்கு 14 வயதில் கையில் இருந்த தாவல் 15-இல் இல்லாமல் போவது இந்த விளையாட்டில் சர்வ சாதாரணம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அந்தத் தாவல் கையில் இருக்கும்போதே அதை உலகத்துக்குக் காட்ட ஒரு மேடை வேண்டும். 2020–21-இல் மேடை இல்லை.

அந்த வருடம் மேடை மட்டும் போகவில்லை, ஐஸே போனது. 2020 மார்ச், ஏப்ரலில் பல நாடுகளில் ரிங்குகளை மூடினார்கள். மூடிய ரிங்கில் குளிரூட்டும் இயந்திரத்தைச் சும்மா ஓட்டினால் மின்சாரக் கட்டணம் யானைத் தீனி. நிறைய இடங்களில் ஐஸை உருக விட்டுவிட்டார்கள். மாட்ரிட்டில் பலாசியோ டி ஹியலோ என்று ஒரு பனி அரங்கம், வணிக வளாகத்தோடு சேர்ந்தது, பிள்ளைகள் பிறந்தநாள் கொண்டாடும் இடம். மார்ச் கடைசியில் அதைத் தற்காலிகப் பிணவறை ஆக்கினார்கள். ஐஸ் ரிங்க் என்றால் குளிர் இருக்குமல்லவா, அதற்காக. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் போட்டிகளைப் பற்றிய கவலையெல்லாம் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் சுழற்பலகை மேல் நின்று சுற்றிப் பழகினார்கள். தெருவில் சக்கர ஸ்கேட் போட்டுக்கொண்டு ஓடினார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து ரிங்க் திறந்தபோது பல வீடுகளில் முதல் பிரச்சினை பூட்ஸ். ஃபிகர் ஸ்கேட்டிங் பூட்ஸ் விறைப்பானது, காலுக்குப் பழகவே வாரக்கணக்கில் ஆகும், கத்தியோடு சேர்த்தால் விலை கண்ணைக் கட்டும். வளரும் கால் லாக்டவுனுக்காகக் காத்திருக்குமா? பழைய பூட்ஸ் நுழையவில்லை. புதியது வாங்கிப் பழகுவதற்குள் இன்னொரு மாதம் போனது.

இப்போது என்னென்ன போனது என்று வரிசையாகப் பார்த்துவிடலாம். ஜூனியர் கிராண்ட் பிரீ என்பது ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை வாரம் ஒரு நாட்டில் நடக்கும் தொடர். 1997-இல் தொடங்கியது. வழக்கமாக ஏழு போட்டிகள், ஒருவர் அதிகபட்சம் இரண்டில் ஆடலாம், புள்ளிகளில் முதல் ஆறு பேர் டிசம்பர் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். 2020 தொடரைக் கனடாவில் தொடங்குவதாகத் திட்டம். சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம், ஐஎஸ்யூ என்று சொல்வார்கள், ஜூலை 20 அன்று மொத்தத் தொடரையும் ரத்து செய்தது. டிசம்பர் இறுதிப் போட்டி பெய்ஜிங்கில் நடக்க வேண்டியது. 2022 ஒலிம்பிக்கிற்கு அரங்கத்தை ஓட்டிப் பார்க்கும் ஒத்திகையாகவும் அதை வைத்திருந்தார்கள். அதுவும் இல்லை. நவம்பரில் ஹார்பினும் போனது. 1976-இல் பிரான்சின் மெஜேவில் தொடங்கியதிலிருந்து ஜூனியர் உலகப் போட்டி நடக்காத ஒரே வருடம் 2021.

தொலைக்காட்சி பெரிதாகக் கண்டுகொள்ளாத தொடர் இது. ஐஎஸ்யூ யூடியூபில் இலவசமாக ஒளிபரப்பும். டெட் பார்ட்டன் என்ற கனடாக்காரர்தான் வர்ணனை. கீழே விழுந்த பிள்ளையைப் பற்றிக் கூட ஒரு நல்ல வார்த்தை தேடிப் பிடித்துச் சொல்வார். ஆகஸ்ட் வந்தால் அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கு 2020 ஆகஸ்ட் வெறிச்சென்று இருந்தது.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். சீனியர்களுக்கு மட்டும் எப்படி முடிந்தது?

முதலில், சீனியர்களுக்கும் எல்லாம் நடந்துவிடவில்லை. 2020 மார்ச்சில் மான்ட்ரியலில் நடக்க வேண்டிய உலகப் போட்டியை ஒரு வாரத்துக்கு முன்னால், மார்ச் 11 அன்று கியூபெக் அரசு நிறுத்தியது. 2021-இல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பும், ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கான நான்கு கண்டங்கள் சாம்பியன்ஷிப்பும் ரத்துதான். ஆனால் சீனியர் கிராண்ட் பிரீ ஆறில் நான்கை நடத்தினார்கள். எப்படி? உள்நாட்டுக்காரர்களும் அங்கேயே பயிற்சி எடுக்கும் வெளிநாட்டவரும் மட்டும் ஆடலாம் என்று சுருக்கிக்கொண்டார்கள். லாஸ் வேகாஸ் போட்டியில் பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பவர்கள், சோங்சிங்கில் சீனர்கள், மாஸ்கோவில் பெரும்பாலும் ரஷ்யர்கள், ஒசாகாவில் பெரும்பாலும் ஜப்பானியர்கள். பேருக்குத்தான் சர்வதேசப் போட்டி.

இந்த வித்தை ஜூனியர் தொடரில் செல்லாது. ஜூனியர் கிராண்ட் பிரீயை நடத்துவது எப்போதும் பெரிய நாடுகள் இல்லை. ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா மாதிரி நாடுகள் வருடக்கணக்காக இந்தத் தொடரைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. ஸ்லோவேனியாவில் வெளியூர்க்காரர் யாரும் வேண்டாம் என்றால் ஜோடி ஆட்டத்துக்கு எத்தனை ஜோடி தேறும்? போட்டியே கிடையாது. பல நாட்டுப் பிள்ளைகள் வந்து கூடுவதுதான் அந்தத் தொடரின் உயிர்.

அப்புறம் காசு. நேரடியாகச் சொல்வதென்றால், ஸ்டாக்ஹோமை எப்பாடு பட்டாவது நடத்தியதற்குக் காரணம் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் எந்த நாட்டுக்கு எத்தனை இடம் என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாக வேண்டியிருந்தது. தொலைக்காட்சிப் பணமும் அந்த ஒரு போட்டியைச் சுற்றித்தான். பார்வையாளர் இல்லாத அரங்கம், அடிக்கடி பரிசோதனை, ஓட்டலிலிருந்து ரிங்க், ரிங்கிலிருந்து ஓட்டல் என்று ஒரு மூடிய வட்டத்துக்குள் எல்லோரையும் வைத்து முடித்தார்கள். அதற்கு ஆகும் செலவைத் தாங்க ஒரு காரணமும் வருமானமும் இருந்தன. ஜூனியர் உலகப் போட்டியில் ஒலிம்பிக் இடமும் கிடையாது, பெரிய வருமானமும் கிடையாது. இதைப் படிக்கும்போது கோபம் வருவது நியாயம்தான். எனக்கும் வந்தது.

ஆனால் ஹார்பின் விஷயத்தில் மட்டும் ரத்து செய்தவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. 2020 மார்ச் 28 முதல் சீனா வெளிநாட்டவர் வருகையைக் கிட்டத்தட்ட நிறுத்தி வைத்திருந்தது. வந்தவர்களுக்கும் இரண்டு வாரத்துக்குக் குறையாத தனிமைப்படுத்தல். ஐஸ் இல்லாமல் இரண்டு வாரம் ஓட்டல் அறையில் அடைந்து கிடந்துவிட்டு வெளியே வந்த உடனே குவாட் போடு என்றால் எலும்புதான் முறியும். இன்னொன்றையும் யோசியுங்கள். வருகிறவள் 13 வயதுப் பெண், கூட ஒரு கோச். அவளுக்குத் தொற்று என்று முடிவு வருகிறது. மொழி தெரியாத ஊரில் தனி அறை. கோச் உள்ளே போக முடியாது. அம்மாவுக்கு விசா கிடைக்காது. இருபத்தைந்து வயதுச் சீனியருக்கு இது ஒரு கஷ்டம். குழந்தைக்கு இது நடந்தால் யார் பதில் சொல்வது?

அதற்கு மேல், 2021 ஜனவரியில் ஹார்பின் இருக்கும் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் தொற்று மறுபடி பரவி, மாகாண அரசு அவசரநிலை அறிவித்தது. நவம்பரில் பிடிவாதமாக "நடத்துவோம்" என்று சொல்லியிருந்தாலும் ஜனவரியில் நின்றிருக்கும். விமான டிக்கெட்டும் புது உடையும் வாங்கிய பிறகு நிற்பதைவிட முன்கூட்டியே நின்றது பரவாயில்லை.

கடைசி நிமிடத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்பதை அடுத்த வருடமே பார்த்தோம். 2021 ஆகஸ்டில் பிரான்சின் கோர்ஷவெல்லில் ஜூனியர் கிராண்ட் பிரீ மறுபடி தொடங்கியது. போட்டி நடத்த இடம் கிடைக்காத நெருக்கடியில் அதே ஊரில் அடுத்தடுத்து இரண்டு வாரம் இரண்டு போட்டிகள். பிள்ளைகள் ஓடி ஓடிப் புள்ளி சேர்த்தார்கள். டிசம்பரில் ஒசாகாவில் இறுதிப் போட்டி. ஒமிக்ரான் வந்தது. நவம்பர் 30 முதல் ஜப்பான் வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியது. டிசம்பர் 2 அன்று போட்டி இல்லை என்றார்கள், தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது. சீசன் கடைசியில் நடத்தலாமா என்று கொஞ்ச நாள் பேசிவிட்டு அதையும் கைவிட்டார்கள். ஆக, ஜூனியர் இறுதிப் போட்டி இரண்டு வருடம் தொடர்ந்து இல்லை. இது எனக்கு ஹார்பினை விட வலித்தது. ஹார்பினுக்கு யாரும் தகுதி பெற்றிருக்கவில்லை. ஒசாகாவுக்கு ஒவ்வொரு பிரிவிலும் ஆறு பேர் தகுதி பெற்றுக் காத்திருந்தார்கள்.

நடுவில் 2020–21-இல் பிள்ளைகள் சும்மா இருந்தார்களா என்றால், அது எந்த நாட்டில் பிறந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ரஷ்யாவில் உள்நாட்டுக் கோப்பைப் போட்டிகள் வரிசையாக நடந்தன. அங்கே உள்நாட்டு ஜூனியர் போட்டியே உலகப் போட்டி மாதிரித்தான் இருக்கும், 2020 உலக ஜூனியர் சாம்பியன் கமிலா வாலியேவா அந்த சீசனை அப்படித்தான் ஓட்டினார். அமெரிக்காவில் வீடியோ போட்டி நடத்தினார்கள். அவரவர் ரிங்கில் ஆடிப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், நடுவர்கள் அவரவர் வீட்டிலிருந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கனடாவிலும் அதே முறைதான். அங்கே தேசிய சாம்பியன்ஷிப்பே 2021-இல் ரத்து.

அந்த வீடியோக்களில் சிலதைப் பார்த்திருக்கிறேன். வெறும் ரிங்க், தடுப்புச் சுவரில் உள்ளூர் விளம்பரங்கள், மேலே டியூப் லைட். இசை தூரத்தில் எங்கோ ஒரு ஸ்பீக்கரிலிருந்து எதிரொலித்து வருகிறது. பெண் ஆடி முடிக்கிறாள். பழக்க தோஷத்தில் நான்கு பக்கமும் திரும்பிக் குனிந்து வணங்குகிறாள். மூன்று பக்கம் யாருமே இல்லை. நான்காவது பக்கம் முகக்கவசம் போட்ட ஒருவர் தனியாகக் கைதட்டுகிறார், உறை மாட்டிய கையால், பொத் பொத்தென்று. மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் பெஞ்சுக்கு இந்த விளையாட்டில் 'கிஸ் அண்ட் க்ரை' என்று பெயர், முத்தமும் கண்ணீரும். அந்த வீடியோவில் பெஞ்சும் இல்லை. குனிந்து நிமிர்ந்தவள் பூட்ஸ் கத்தியில் ஒட்டிய ஐஸ் துகளைத் தட்டிவிட்டு, உறையை மாட்டிக்கொண்டு, நடந்து போகிறாள்.

உண்மையில் அடிபட்டது சின்ன நாட்டுப் பிள்ளைகள். நாட்டில் மொத்தமே ஒன்றிரண்டு ரிங்க், போட்டியாளர் பத்து பேர் என்றால் உள்நாட்டுப் போட்டி என்பது தோழியோடு ஆடுவது மாதிரிதான். ஜூனியர் கிராண்ட் பிரீயில்தான் அவர்கள் ஜப்பான், கொரியப் பிள்ளைகளோடு ஒரே ஐஸில் வார்ம்-அப் செய்வார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூனியர் உலகப் போட்டிக்குப் போகக் குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண் வேண்டும். அது சர்வதேசப் போட்டியில் வாங்கியதாக இருக்க வேண்டும். உள்ளூரில் எவ்வளவு வாங்கினாலும் கணக்கில் வராது, வீடியோவில் வாங்கியதும் வராது. போட்டி இல்லையென்றால் மதிப்பெண் இல்லை, மதிப்பெண் இல்லையென்றால் போட்டி இல்லை. ஐரோப்பாவில் அந்தக் குளிர்காலத்தில் சில சிறிய போட்டிகள் நடந்தன. காரில் போய் வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடல் தாண்டி இருந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

எல்லோருக்கும் நஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானின் யூமா ககியாமா 2020 ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். வயது 17, சீனியருக்குப் போகலாம். போனார். 2020 நவம்பரில் ஒசாகாவில் நடந்த கிராண்ட் பிரீயில் தங்கம், 2021-இல் ஸ்டாக்ஹோமில் உலக வெள்ளி, அடுத்த வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி. வயது சாதகமாக இருந்ததால் ரத்து அவரைத் தொடவே இல்லை. அந்த 2020 ஜூனியர் உலகப் போட்டி நடந்த டாலினில் அவரும் லியூவும் ஒரே வாரம் பதக்கம் வாங்கியவர்கள். லியூவை விட அவர் இரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

டாலின் என்றதும் அந்த அரங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எஸ்டோனியத் தலைநகரில் டொண்டிராபா என்று ஒரு பனி அரங்கம். 2020 மார்ச் 2 முதல் 8 வரை ஜூனியர் உலகப் போட்டி அங்கேதான் நடந்தது. பெண்கள் மேடையில் வாலியேவா, தாரியா உசசோவா, லியூ. ஆண்களில் ஆண்ட்ரே மொசலெவ் தங்கம். அதே வாரம், மார்ச் 4, 5 தேதிகளில், அதே நாட்டின் சாரெமா தீவில் இத்தாலியின் மிலான் அணி வந்து வாலிபால் ஆடியது. அங்கிருந்து பரவிய தொற்றால் சில நாட்களில் அந்தத் தீவையே அடைக்க வேண்டி வந்தது. மார்ச் 12 அன்று எஸ்டோனியா அவசரநிலை அறிவித்தது. பிள்ளைகள் பதக்கத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எவ்வளவு நூலிழையில் தப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

2022 ஜூனியர் உலகப் போட்டி பல்கேரியாவின் சோஃபியாவில் மார்ச்சில் என்று இருந்தது. தொற்று காரணமாக அதுவும் தள்ளிப்போனது. நடத்த யார் முன்வந்தது தெரியுமா? மறுபடி டாலின், மறுபடி டொண்டிராபா. அந்த ஜனவரியில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பையும், சீனாவிலிருந்து மாற்றிய நான்கு கண்டங்கள் சாம்பியன்ஷிப்பையும் அடுத்தடுத்த வாரங்களில் அதே அரங்கத்தில் நடத்தி முடித்திருந்தார்கள். ஐரோப்பியர் ஆடாத ஒரு 'நான்கு கண்டங்கள்' போட்டியை ஐரோப்பாவில் நடத்திய கூத்தும் இந்தப் பெருந்தொற்றின் கணக்கில்தான் சேரும்.

ஆக, 2020 மார்ச் 8 அன்று விளக்கணைத்த அரங்கத்திலேயே 2022 ஏப்ரல் 13 அன்று ஜூனியர் உலகப் போட்டி மறுபடி தொடங்கியது. இருபத்தைந்து மாதம். ரஷ்யப் பிள்ளைகள் இல்லை, உக்ரைன் மீதான படையெடுப்பை ஒட்டி மார்ச்சிலேயே தடை வந்துவிட்டது. முதல் ஜூனியர் வருடத்தைப் பெருந்தொற்றிலும் அதற்கடுத்ததன் கடைசியைப் போரிலும் இழந்த ரஷ்யப் பெண்கள் உண்டு. அவர்களுக்காகப் பேச ஆளில்லை. ஆண்கள் பிரிவில் அமெரிக்காவின் இலியா மாலினின் 276.11 புள்ளிகளோடு தங்கம் வாங்கினார், ஜூனியரில் அதுவரை யாரும் தொடாத எண். ஒசாகா இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்று, போக முடியாமல் போனவர்களில் அவரும் ஒருவர்.

லியூ அந்த ஏப்ரலில், 16 வயதில், ஓய்வை அறிவித்துவிட்டார். இடையில் கிடைத்த ஒரே சீனியர் சீசனில் ஒலிம்பிக்கில் ஆறாம் இடம், உலகப் போட்டியில் வெண்கலம். இரண்டு வருடம் ஐஸ் பக்கமே வராமல் இருந்துவிட்டு 2024-இல் திரும்பினார். 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலக சாம்பியன்.

முதல் வருடத்தை இழந்தவர்களில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அவர் இசபோ லெவிட்டோ. 2007 மார்ச்சில் பிறந்தவர். 2020–21-இல் அவருக்குக் கிடைத்தது உள்நாட்டு ஜூனியர் பட்டம் மட்டும்தான். ஒசாகாவும் அவருக்கு நழுவியது. டாலினில் கொரியாவின் ஷின் ஜியாவை 0.54 புள்ளியில் முந்தித் தங்கம் வாங்கினார். உலக ஜூனியர் சாம்பியன்களின் பட்டியலில் பெண்கள் வரிசையைப் பார்த்தால் 2020-க்கு நேரே வாலியேவா, 2022-க்கு நேரே லெவிட்டோ. நடுவில் 2021 என்ற வருடம் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லாமல்.